கருமருந்து ரைஃபிளுக்கு ஈயக்குண்டும் வார்ப்பச்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுபவை இரண்டு வகைத் துப்பாக்கிகள். ஒன்று, குழலின் வாய் வழியாகக் கருமருந்தையும் (கரி, கந்தகம், வெடியுப்பு கலந்த பழைய வெடிமருந்து) குண்டையும் இட்டுக் கெட்டிப்பது. மற்றொன்று, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த, கருமருந்து நிரப்பிய பித்தளைத் தோட்டாவைப் பின்புறமாக ஏற்றுவது. இரண்டுக்கும் ஈயக்குண்டுதான் என்றாலும், குண்டின் வடிவமும் அளவும் உலோகக் கலவையும் வெவ்வேறு. துப்பாக்கியும் மருந்தும் வைத்திருப்பதற்கான உரிமம் நாட்டுக்கு நாடு மாறும். அது முறையாக இருக்கிறது என்ற அடிப்படையில்தான் பின்வரும் விடைகள் எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: குண்டு வார்க்கும் அச்சு ஒன்று வாங்க நினைக்கிறேன். எதை முதலில் பார்க்க வேண்டும்?

அச்சைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது குழலை. அதன் உள்விட்டம் எவ்வளவு, உள்ளே வெட்டப்பட்ட பள்ளங்களின் ஆழம் எவ்வளவு, பள்ளங்கள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று சுற்றுகின்றன என்ற மூன்றும் தெரிந்துவிட்டால், பொருந்தக்கூடிய குண்டுகளின் பட்டியல் தானாகவே சுருங்கி விடும். துப்பாக்கியின் மேல் ".50" என்றோ ".58" என்றோ பொறித்திருப்பது பெயர்தானே தவிர அளவு அன்று. ஒரே பெயரில் வெவ்வேறு பட்டறைகளில் செய்யப்பட்ட குழல்களுக்கிடையே ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு வரை வேறுபாடு காண்பது அரிதன்று. ஈயக்குண்டைப் பொறுத்தவரை அது பெரிய வேறுபாடு.

குழலை அளந்த பிறகும் உடனே அச்சு வாங்க வேண்டியதில்லை. அதே அளவில் ஆயத்தமாக வார்த்து விற்கப்படும் குண்டுகளைச் சிறு பொட்டலமாக வாங்கிச் சுட்டுப் பார்த்து, குழலுக்குப் பிடித்தது எது என்று தெரிந்துகொண்டு அச்சுக்குப் போவதே சிக்கனமான வழி.

கேள்வி: குழலின் உள்விட்டத்தை எப்படி அளப்பது?

துப்பாக்கியில் மருந்தோ குண்டோ இல்லை என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். வாய்வழித் துப்பாக்கியில் வெளியே இருந்து பார்த்து இதைச் சொல்ல முடியாது. கெட்டிக்கும் கோலை உள்ளே விட்டு, அது குழலடி வரை இறங்குகிறதா என்று வெளிப்புறம் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தே சொல்ல முடியும்.

பின்புறம் திறக்கும் ரைஃபிளில் வேலை எளிது. குழலைத் துடைத்து மெல்லிய எண்ணெய் தடவி, உள்விட்டத்தைவிடச் சற்றே பருத்த கலப்பற்ற ஈயத்துண்டு ஒன்றைக் குழல்வாயில் மரச்சுத்தியால் தட்டி இறக்கி, பித்தளைக் கம்பியால் மெதுவாக மறுபுறம் தள்ளி எடுக்க வேண்டும். குழலின் உட்புறம் அந்த ஈயத்தின் மேல் அப்படியே பதிந்திருக்கும். ஈயத்தில் மேடாக நிற்பது குழலின் பள்ளம். ஈயத்தில் பள்ளமாக இருப்பது குழலின் மேடு. எதிரெதிர் மேடுகளுக்கு மேல் மைக்ரோமீட்டரை வைத்தால் பள்ளவிட்டம் கிடைக்கும், எதிரெதிர் பள்ளங்களுக்கிடையே அளந்தால் மேட்டுவிட்டம் கிடைக்கும். பள்ளங்களின் எண்ணிக்கை மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையாக இருந்தால் ஒன்றுக்கு நேரெதிரே இன்னொன்று இராது. அப்போது சாதாரண மைக்ரோமீட்டர் பொய் சொல்லும், 'வி' வடிவத் தாங்கி உடையது வேண்டும்.

வாய்வழித் துப்பாக்கியில் குழலின் பின்முனையை மூடும் அடித்திருகைக் கழற்றாமல் ஈயத்துண்டை முழுவதும் தள்ளிவிட்டால், அதைத் திரும்ப எடுப்பது தனித் தொல்லை. எனவே குழல்வாயில் மட்டும், ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குல இடைவெளியில் வரும் உருளை அளவுக்கம்பிகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்து மேட்டுவிட்டத்தைக் கண்டுபிடிப்பது வழக்கம். வாய்வழித் துப்பாக்கிக் குண்டைப் பெரும்பாலும் மேட்டுவிட்டமே தீர்மானிப்பதால் அது போதும்.

கேள்வி: குழலின் முறுக்குக்கும் குண்டின் நீளத்துக்கும் என்ன தொடர்பு?

நீளமான குண்டு காற்றில் தலைகீழாகப் புரளாமல் செல்ல வேகமான சுழற்சி வேண்டும். குட்டையான குண்டுக்கு மெதுவான சுழற்சி போதும். எடையைவிட நீளமே இங்கு முக்கியம் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. இங்கிலாந்தின் உலிச்சில் பீரங்கி அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த ஆல்ஃபிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் 1879இல் தந்த எளிய சூத்திரம் கருமருந்து வேகங்களுக்கு இன்றும் பயன்படுகிறது. குண்டின் விட்டத்தைத் தன்னால் பெருக்கி, 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். எல்லாம் அங்குலத்தில் இருந்தால், வரும் விடை எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும் என்பதாகும்.

ஒரு .50 காலிபர் குழலை, அதாவது விட்டம் அரை அங்குலம் என்று பெயர் பெற்ற குழலை, எடுத்துக்கொள்வோம். ஓர் அங்குல நீளக் குண்டுக்கு 0.50 × 0.50 × 150 = 37.5, அதாவது 37.5 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும். இதையே திருப்பிப் போட்டால், 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள குழல் ஏறத்தாழ 0.57 அங்குல நீளம் வரைதான் தாங்கும், அது உருண்டைக் குண்டுக்குப் போதும், வேறு எதற்கும் போதாது. 48 அங்குல முறுக்கு 0.78 அங்குலம் வரை இடம் தரும். 28 அங்குல முறுக்கு 1.3 அங்குலக் குண்டையும் நேராக அனுப்பும். 48 அங்குல முறுக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்பனைப் பேச்சில் சொல்வதுண்டு. உருண்டைக் குண்டையும் குட்டையான நீள்குண்டையும் அது சமாளிக்கும் என்பதே சரி, 450 கிரெயின் (குண்டின் எடைக்கான அலகு, 7000 கிரெயின் ஒரு பவுண்டு) நீள்குண்டை அதில் எதிர்பார்க்கக் கூடாது.

அடிப்புறம் குழிந்த மினியே வகைக் குண்டு இந்தக் கணக்குக்குள் வராது. அதன் எடை முன்பக்கம் தள்ளியிருப்பதால், ஓர் அங்குல நீளம் இருந்தும் 72, 78 அங்குல முறுக்குகளில் நன்றாகவே பறக்கிறது.

கேள்வி: உருண்டைக் குண்டு நல்லதா, நீள்குண்டு நல்லதா?

குழல் எதற்காக வெட்டப்பட்டதோ அதுவே நல்லது. ஆழமான பள்ளமும் மெதுவான முறுக்கும் இருந்தால், மசகு தடவிய துணியில் பொதிந்து கெட்டிக்கும் உருண்டைக் குண்டு. ஆழமற்ற பள்ளமும் வேகமான முறுக்கும் இருந்தால் நீள்குண்டு. வேக முறுக்குக் குழலில் உருண்டைக் குண்டைக் கூடுதல் மருந்தோடு சுட்டால், சுற்றியுள்ள துணி பள்ளங்களைப் பற்றிக்கொள்ள முடியாமல் வழுக்கி, குண்டு சுழலாமலே வெளியேறும். குறைந்த மருந்தில் அதே குழல் உருண்டைக் குண்டை ஒழுங்காகச் சுடக்கூடும்.

இரண்டுக்கும் இடமிருந்தால், 100 கஜத்துக்குள் சுடுபவருக்கு நான் உருண்டைக் குண்டையே சொல்வேன். ஈயச் செலவு குறைவு, தோளில் உதைப்பும் குறைவு, அச்சு எளியது, வார்ப்புக் குறைகளும் குறைவு. அதற்கப்பால் உருண்டையின் வேகம் காற்றில் விரைந்து தேய்ந்துவிடுவதால் நீள்குண்டின் பக்கம் தராசு சாயும்.

கேள்வி: உருண்டைக் குண்டின் விட்டத்தையும் துணியின் தடிமனையும் எப்படிப் பொருத்துவது?

குண்டு மேட்டுவிட்டத்தைவிட 0.005 முதல் 0.010 அங்குலம் சிறியதாக இருக்க வேண்டும் என்பது தொடக்கத்துக்கான அளவு. மேட்டுவிட்டம் 0.500, பள்ளத்தின் ஆழம் 0.010 என்று உள்ள ஒரு குழலை நினைத்துக்கொள்ளுங்கள், அதன் பள்ளவிட்டம் 0.520. இதில் 0.490 அங்குலக் குண்டை 0.015 தடிமனுள்ள துணியில் பொதிந்தால், இரு புறமும் சேர்த்து 0.490 + 0.030 = 0.520. பள்ளத்தின் அடிவரை துணி நிரம்புகிறது, மேட்டின் மேல் அது நசுங்குகிறது. வாயு பக்கவாட்டில் தப்ப இடமில்லை. பள்ளம் இதைவிட ஆழமாக இருந்தால் 0.018 அல்லது 0.020 துணிக்கோ, 0.495 குண்டுக்கோ போக வேண்டியிருக்கும். அச்சை மாற்றுவதைவிடத் துணியை மாற்றுவது மலிவு என்பதால், இரண்டு அச்சுகளுக்கிடையே தயங்குபவர் சிறியதை வாங்குவது நல்லது.

துணி நெருக்கமாக நெய்த பருத்தியாக இருக்க வேண்டும். செயற்கை இழை கலந்தால் உருகிக் குழலில் ஒட்டும். சுட்ட பிறகு குழல்வாய்க்குச் சில கஜங்களுக்கு முன்னால் விழுந்து கிடக்கும் துணியை எடுத்துப் பாருங்கள். நடுவில் கரியும் ஓரத்தில் மெல்லிய பிசிறும் மட்டும் இருந்தால் பொருத்தம் சரி. குண்டு அமர்ந்த வட்டத்தைச் சுற்றிக் கருகி ஓட்டையாகியிருந்தால் துணி மெலிது அல்லது மசகு போதவில்லை. கத்தியால் கீறியது போல நேர்க்கோட்டில் கிழிந்திருந்தால் குழல்வாயின் விளிம்போ புதிய பள்ளங்களின் ஓரமோ கூர்மையாக இருக்கிறது.

எடையைக் கணக்கிடுவதும் எளிதே. கலப்பற்ற ஈயத்தில் 0.440 அங்குல உருண்டை ஏறத்தாழ 128 கிரெயினும், 0.490 உருண்டை 177 கிரெயினும், 0.530 உருண்டை 224 கிரெயினும் வரும். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின் என்பதால், ஒரு பவுண்டு ஈயத்தில் 0.490 உருண்டைகள் 39 கிடைக்கும்.

கேள்வி: மினியே குண்டுக்கு அச்சு தேர்ந்தெடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பிரெஞ்சுப் படை அதிகாரி குளோத் எத்தியென் மினியே 1849இல் முன்வைத்த குண்டின் அடிக்குழியில் ஓர் இரும்புக் கிண்ணம் இருந்தது. அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதச் சாலையில் ஜேம்ஸ் பர்ட்டன் அந்தக் கிண்ணம் இல்லாமலே குழியின் மெல்லிய சுவர் விரியும்படி வடிவத்தைத் திருத்தினார். கரிப்படிவு மிகுந்த குழலிலும் தடையின்றி இறங்க வேண்டும், சுடும்போது மட்டும் விரிந்து பள்ளங்களைப் பிடிக்க வேண்டும் என்பதே அதன் தத்துவம். அமெரிக்கப் படையின் 1861 மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளில் மூன்று பள்ளங்கள், 72 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பள்ளங்கள் குழலடியில் ஆழமாகவும் வாய்ப்பக்கம் ஆழம் குறைந்தும் வெட்டப்பட்டன.

படைவீரர் களத்தில் துடைக்க நேரமின்றிச் சுட்டவர். அவருக்காகக் குண்டும் குழலும் விலகி நின்றன. இங்கிலாந்தின் 1853 மாதிரி என்ஃபீல்டிலும் 0.568 அங்குலக் குண்டு கரிப்படிவில் சிக்கியதால் பிறகு 0.550 ஆகக் குறைத்தார்கள். இலக்குப் பலகையில் குறி பார்த்துச் சுடுபவருக்கு அந்த அவசரம் கிடையாது. எனவே மேட்டுவிட்டத்தைவிட 0.001 அல்லது 0.002 அங்குலம் மட்டுமே சிறியதான குண்டு வேண்டும். .58 என்ற பெயரில் வரும் புதிய நகல் ரைஃபிள்களின் குழல்கள் ஒன்றுபோல் இல்லாததால், சற்றுப் பெரிய குண்டு தரும் அச்சை வாங்கி, அளவுத்துளை ஒன்றின் வழியாகக் குண்டைத் தள்ளிச் சரிப்படுத்திக்கொள்வதே நடைமுறை. பெரியதைச் சிறிதாக்கலாம், சிறியதைப் பெரிதாக்க வழியில்லை.

அடிக்குழியின் சுவர் மெல்லியதாக உள்ள அச்சு குறைந்த மருந்துக்கு ஏற்றது. மருந்தைக் கூட்டினால் அந்தச் சுவர் வெளியே பிதுங்கி, சில வேளை கிழிந்தும் போகும். தடித்த சுவருள்ள அச்சு அதிக மருந்தைத் தாங்கும், குறைந்த மருந்தில் விரியாது. எவ்வளவு மருந்தில் சுடப்போகிறோம் என்பதைத் தீர்மானிக்காமல் மினியே அச்சு வாங்குவதில் பொருளில்லை. ஈயம் கலப்பற்றதாகவே இருக்க வேண்டும் என்பதில் இங்கு எந்தச் சலுகையும் இல்லை.

கேள்வி: மாக்ஸி, ரியல் என்ற பெயர்களில் வரும் நீள்குண்டுகள் எப்படிப்பட்டவை?

இவற்றின் அடி தட்டையானது. குண்டைச் சுற்றியுள்ள வளையங்களில் ஒன்றோ சிலவோ மேட்டுவிட்டத்தைவிடச் சற்றுப் பெரியவை. கெட்டிக்கும்போதே அவை குழலின் மேடுகளால் பொறிக்கப்படுகின்றன. துணி தேவையில்லை, வளையங்களுக்கிடையே மசகு பூசினால் போதும். அச்சு எளியது, அடிக்குழியை உண்டாக்கும் நடுக்கம்பி கிடையாது என்பதால் மினியேயைவிட விரைவாக வார்க்கலாம்.

ஓர் எச்சரிக்கை உண்டு. துணியில்லாத நீள்குண்டு சற்றுத் தளர்வாக இருந்தால், குழல்வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து நடக்கும்போது மருந்தை விட்டு விலகி முன்னே நகரக்கூடும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் விட்டுச் சுட்டால் குழல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். கெட்டிக்கோலில் சரியான ஆழத்துக்கு ஒரு கோடு போட்டு வைத்து, சுடுமுன் ஒரு முறை இறக்கிப் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

கேள்வி: .45-70 போன்ற தோட்டா ரைஃபிளுக்கு எந்த அச்சு?

1873இல் அமெரிக்கப் படைக்கு வந்த இந்தத் தோட்டாவின் பெயரிலேயே விடை பாதி இருக்கிறது: .45 காலிபர், 70 கிரெயின் கருமருந்து. தொடக்கத்தில் குண்டு 405 கிரெயின், பின்னர் 500 கிரெயின் குண்டும் வந்தது. அந்த ஸ்பிரிங்ஃபீல்டின் முறுக்கு 22 அங்குலம், மேற்சொன்ன சூத்திரப்படி 0.458 விட்டத்தில் 1.4 அங்குல நீளம் வரை அது தாங்கும். இலக்குப் போட்டிக்காக இன்று செய்யப்படும் ரைஃபிள்களில் 18 அங்குல முறுக்கு பரவலாக இருப்பது, 500 கிரெயினுக்கு மேற்பட்ட நீண்ட குண்டுகளுக்காகவே.

இங்கு குண்டின் விட்டம் பள்ளவிட்டத்துக்குச் சமமாகவோ 0.001 அங்குலம் கூடுதலாகவோ இருக்க வேண்டும். மூக்கின் வடிவத்தில் விளம்பரம் அதிகம். 200 கஜம் வரை உருண்டை மூக்கும் தட்டை மூக்கும் ஒன்றே. 500 கஜத்துக்கு அப்பால் சுடுபவருக்கு மட்டும் நீண்டு ஒடுங்கிய மூக்கு காற்றில் உதவும். ஆனால் நீண்ட மூக்கு மென்மையான ஈயத்தில் வார்க்கப்பட்டால், மருந்து பற்றிய கணத்தில் ஏற்படும் உந்துதலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நசுங்கிவிடும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். குழாய்ச் சேமிப்பறை உள்ள ரைஃபிளானால் தட்டை மூக்கைத் தவிர வேறெதையும் வைக்கக் கூடாது. ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் தோட்டாக்களில் பின்னதன் கூர்மூக்கு முன்னதன் வெடிமூடியில் (தோட்டாவின் அடியில் உள்ள, அடிபட்டால் தீப்பொறி தரும் மூடி) இடித்துத் தீப்பற்றலாம்.

மசகுப் பள்ளங்கள் அகலமாகவும் ஆழமாகவும் இருக்கும் அச்சே கருமருந்துக்கு உரியது. பிற்கால வெடிமருந்தான புகையில்லா மருந்துக்கென வடிக்கப்பட்ட குண்டில் ஒற்றை, மெல்லிய பள்ளம்தான் இருக்கும். அது நீண்ட குழலின் வாய்வரை மசகைக் கொண்டு போகாது, கடைசிச் சில அங்குலங்களில் கரி காய்ந்து இறுகும்.

கேள்வி: காகிதம் சுற்றிய குண்டுக்கு அளவு கணக்கிடுவது எப்படி?

காகிதத்தை இரண்டு சுற்றுச் சுற்றினால், விட்டத்தில் காகிதத்தின் தடிமன் நான்கு மடங்கு கூடும். மேட்டுவிட்டம் 0.450, காகிதம் 0.002 என்றால், 0.008ஐக் கழித்து 0.442 அங்குல வழுவழுப்பான குண்டு வேண்டும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள அச்சுகள் இந்த வகைக்குக் கிடைக்கின்றன, ஒரே அச்சில் பல எடைகளைச் சோதிக்கலாம். முதல் அச்சாக இதை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: எந்த ஈயத்தில் வார்ப்பது?

வாய்வழித் துப்பாக்கிக்குக் கலப்பற்ற மெல்லீயம். அதன் பிரினெல் கடினம் (உலோகம் எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் எண்) 5 அளவில் இருக்கும், கட்டைவிரல் நகத்தால் கீறினால் கோடு விழும். தோட்டா ரைஃபிளுக்கு ஈயத்தோடு வெள்ளீயம் சேர்ப்பது மரபு. 30 பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் என்றால் கடினம் 9ஐ ஒட்டியும், 20க்கு ஒன்று என்றால் 10ஐ ஒட்டியும் வரும். நீண்ட மூக்குள்ள குண்டுக்கு 16க்கு ஒன்று வரை போகிறார்கள். வெள்ளீயம் கடினத்தைக் கூட்டுவதோடு, உருகிய உலோகம் அச்சின் மூலை முடுக்குகளில் ஓடி நிரம்பவும் உதவுகிறது.

கடினமான குண்டு நல்ல குண்டு என்ற எண்ணம் புகையில்லா மருந்தின் உலகத்திலிருந்து வந்தது. கருமருந்து பற்றும்போது அழுத்தம் சட்டென ஏறி, மென்மையான குண்டைப் பின்னாலிருந்து அறைந்து பருக்க வைக்கிறது. அப்படிப் பருத்துத்தான் அது பள்ளங்களை அடைக்கிறது. ஈயத்தைக் கடினமாக்கும் ஆன்டிமனி கலந்த அச்செழுத்து உலோகத்தில் வார்த்த குண்டு பருக்காது. வாயு ஓரமாகக் கசிந்து குண்டின் பக்கங்களை அரித்துக் குழலில் ஈயத்தைப் படிய வைக்கும்.

கூரையில் பதித்த ஈயத்தகடும் பழைய ஈயக்குழாயும் பெரும்பாலும் மெல்லீயம். வாகனச் சக்கர எடைகள் முன்பு ஆன்டிமனி கலந்த ஈயமாக இருந்தன, இப்போது துத்தநாகத்திலும் எஃகிலும் வருகின்றன. துத்தநாகம் சிறிது கலந்தாலும் உலோகம் கூழ்போலாகி அச்சு நிரம்பாது. ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும், துத்தநாகம் 419இல்தான் உருகும் என்பதால், வெப்பத்தை அடக்கி வைத்தால் அது மேலே மிதக்கும்போதே அள்ளி எறியலாம்.

கேள்வி: பழைய வாகன மின்கலத்தின் ஈயத்தைப் பயன்படுத்தலாமா?

கூடாது. தகடுகளில் உள்ள ஆர்செனிக்கும் ஆன்டிமனியும், உருக்கிய கசடு ஈரத்தோடு சேரும்போது கொடிய நச்சுவாயுக்களைத் தரக்கூடும். அமிலம் வேறு. மிஞ்சும் ஈயத்தின் அளவும் அந்த ஆபத்துக்கு ஈடாகாது.

கேள்வி: அச்சு அலுமினியமா, இரும்பா, பித்தளையா?

அலுமினியம் விரைவில் சூடாகும், கைக்குக் கனமில்லை, விலை குறைவு. முரட்டுத்தனத்தைத் தாங்காது. அச்சின் மேலே திரும்பி, ஊற்றிய ஈயத்தின் மிச்சத்தை வெட்டும் வெட்டுத்தகட்டின் கீழே ஈயம் ஒட்டியிருக்கத் திருப்பினால் மேற்பரப்பு கீறிவிடும். இரும்பு அச்சு மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும், தலைமுறை தாண்டியும் உழைக்கும், ஆனால் ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். பித்தளை இரண்டுக்கும் இடைப்பட்டது. துருவும் இல்லை, சூடும் சீராக நிற்கும். விலையும் கனமும் அதிகம். பெரிய பித்தளை அச்சைப் பிடித்து வார்த்தால் மணிக்கட்டு அன்று மாலை பேசும்.

குறைந்த எண்ணிக்கையில் உருண்டைக் குண்டு வார்ப்பவருக்கு இரண்டு குழியுள்ள அலுமினிய அச்சு போதும். 500 கிரெயின் நீள்குண்டுக்கு ஒற்றைக் குழி இரும்போ பித்தளையோ. அவ்வளவு ஈயம் ஒவ்வொரு முறையும் கொண்டுவரும் சூட்டைச் சிறிய அலுமினியத் துண்டால் சமன்செய்ய இயலாது. மினியேக்கு நடுக்கம்பி இருப்பதால் ஒற்றைக் குழிதான் பெரும்பாலும் கிடைக்கும், கம்பியும் சூடாக வேண்டும் என்பதால் வேலை மெதுவாகவே நடக்கும். ஒரு தயாரிப்பாளரின் கைப்பிடி இன்னொருவரின் அச்சுக்குப் பொருந்தும் என்று நம்ப வேண்டாம்.

கேள்வி: அச்சில் குறித்த அளவும் வெளிவரும் குண்டின் அளவும் ஏன் வேறுபடுகின்றன?

உலோகம் உறையும்போது சுருங்குகிறது. எவ்வளவு என்பது கலவையைப் பொறுத்தது. கலப்பற்ற ஈயம் மிகுதியாகச் சுருங்கும், ஆன்டிமனி சேர்ந்தது குறைவாகச் சுருங்கும். தயாரிப்பாளர் எந்தக் கலவையை வைத்து அளவைக் குறித்தார் என்று கேட்டு வாங்க வேண்டும். கடின ஈயத்துக்கு 0.458 என்று குறித்த அச்சு, மெல்லீயத்தில் 0.457 அல்லது அதற்கும் குறைவாகத் தந்தால் அது அச்சின் குறை அன்று. சொல்லி வெட்டுவிக்கும் அச்சானால் கலவையையும் ஆணையில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: வார்த்த குண்டில் சுருக்கம் விழுகிறது. சில நேரம் மேலே பனி படர்ந்ததுபோல் இருக்கிறது. ஏன்?

சுருக்கம் விழுந்தால் அச்சு குளிர்ந்திருக்கிறது அல்லது குழியில் எண்ணெய் இருக்கிறது. புது அச்சைச் சோப்பு நீரில் பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்தி, சூடேற்றிய பிறகே தொடங்க வேண்டும். முதலில் வரும் குண்டுகள் எப்படியும் பாத்திரத்துக்கே திரும்பும். பனிப்படிவு போன்ற மங்கல் அச்சு மிகையாகச் சூடேறியதைக் காட்டும். அது லேசாக இருந்தால் கெடுதல் இல்லை.

ஊற்றும் துளைக்கு மேல் தாராளமாக ஒரு குட்டை ஈயம் நிற்க விடுங்கள். உறையும் குண்டு தனக்குத் தேவையான உலோகத்தை அதிலிருந்துதான் உறிஞ்சும். அந்தக் குட்டை கண்ணாடிபோல் மின்னிக்கொண்டிருந்து, திடீரென மங்கும். மங்கிய பிறகும் சில விநாடி பொறுத்து, மரத்தடியால் வெட்டுத்தகட்டைத் தட்டித் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் ஈயம் தகட்டின் அடியில் இழுபட்டு, குண்டின் அடிப்புறத்தில் குழியாகும். நீள்குண்டில் மூக்கு சற்றுச் சிதைந்தாலும் இலக்கு தப்பாது. அடி விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் குறைந்தால், குழல்வாயை விட்டு வெளியேறும் நொடியில் வாயு அந்தப் பக்கமாகப் பீறிட்டுக் குண்டைத் தள்ளிவிடும். எனவே குண்டைச் சோதிக்கும்போது முதலில் அடியைப் பாருங்கள். குண்டு அச்சை விட்டு விழாவிட்டால் கைப்பிடியின் கீல் மேல் தட்ட வேண்டும், அச்சின் மேல் தட்டக் கூடாது. உருண்டைக் குண்டில் வெட்டிய காம்பின் தடம் மேல்நோக்கி, நடுவில் இருக்கும்படி கெட்டிக்க வேண்டும்.

கேள்வி: எந்த மசகு?

தேன்மெழுகும், விலங்குக் கொழுப்பு அல்லது தாவர எண்ணெயும் சேர்ந்த கலவை. கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே எஞ்சும். அந்தக் கரியை ஈரமாகவும் மென்மையாகவும் வைத்திருப்பதே மசகின் முதல் வேலை. பெட்ரோலிய மசகுகள் கரியோடு சேர்ந்து தார்போல் இறுகுகின்றன. என்ஃபீல்டு தோட்டாக் காகிதத்தில் தடவியது எந்த விலங்கின் கொழுப்பு என்ற ஐயம் 1857 கிளர்ச்சிக்கு ஒரு பொறியானதை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். தேன்மெழுகும் தாவர எண்ணெயும் மட்டுமே கொண்ட கலவையும் குழலில் நன்றாகவே வேலை செய்கிறது.

கேள்வி: ஈயம் உருக்குவதில் உடலுக்கு என்ன ஆபத்து?

இரண்டு. முதலாவது, ஈரம். உருகிய ஈயத்துக்கு அடியில் ஒரு துளி நீர் அகப்பட்டால் அது நொடியில் ஆவியாகி, பாத்திரத்தில் உள்ளதையெல்லாம் முகத்தில் வீசும். மழையில் கிடந்த ஈயக்கட்டியைக் கொதிக்கும் பாத்திரத்தில் போடாதீர்கள், குளிர்ந்த பாத்திரத்தில் வைத்து அதனோடு சேர்த்தே சூடேற்றுங்கள். முகக்கவசமும் தோல் கையுறையும் மூடிய காலணியும் இன்றி வேலையைத் தொடங்கக் கூடாது.

இரண்டாவது, நஞ்சு. ஈயம் கொதிப்பது 1749 பாகையில் என்பதால், 400 பாகையை ஒட்டிய வார்ப்புச் சூட்டில் எழும் ஆவி சொற்பம். கசடை அள்ளும்போது பறக்கும் சாம்பல் நிறத் தூளும், கையில் ஒட்டி வாய்க்குப் போவதுமே உண்மையான வழிகள். காற்றோட்டமான இடம், தனிப் பாத்திரங்கள், வேலைக்கிடையே உண்ணாமை, முடிந்ததும் கை கழுவி உடை மாற்றுவது ஆகியவை போதிய பாதுகாப்பு. குழந்தைகளும் கருவுற்றவர்களும் அந்த இடத்துக்கே வரக் கூடாது. அடிக்கடி வார்ப்பவர் இரத்தத்தில் ஈய அளவைச் சோதித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: குண்டுகளை எடைபார்த்துப் பிரிக்க வேண்டுமா?

உருண்டைக் குண்டை 50 கஜத்தில் சுடுபவருக்குத் தேவையில்லை. நெடுந்தூரத்துக்கு வேண்டும். 500 கிரெயின் குண்டுகளில் பெரும்பாலானவை ஓரிரு கிரெயினுக்குள் கூட்டமாக நிற்கும், அதற்குக் கீழே விலகி நிற்பவற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றுக்குமிழி இருக்கும். அவற்றை உருக்கிவிடுங்கள்.

கேள்வி: கனமான குண்டுக்கு மாறினால் அதே மருந்தளவு போதுமா?

கனம் கூடினால் அழுத்தமும் கூடும். துப்பாக்கி செய்தவர் அந்த எடைக்குக் குறித்த உச்ச அளவுக்குள்ளேயே தொடங்கி, உச்சத்தைத் தாண்டாமல் படிப்படியாகப் போக வேண்டும். வாய்வழித் துப்பாக்கியில் புகையில்லா மருந்தை எந்த அளவிலும் இடக்கூடாது.

கேள்வி: பயன்படுத்திய பழைய அச்சை வாங்கலாமா?

இரும்பானால் தாராளமாக வாங்கலாம். மூடிய அச்சை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், இரு பாதிகளுக்கிடையே கீற்று தெரிந்தால் சேரும் முகத்தில் ஈயம் ஒட்டியிருக்கிறது அல்லது பொருத்துமுளை தேய்ந்திருக்கிறது. முன்னது சூடேற்றித் துடைத்தால் போகும், பின்னது போகாது. குழியின் உள்ளே மேலோட்டமான துரு நிறமாக மட்டும் இருந்தால் பாதகமில்லை. நகம் தட்டும் அளவுக்கு அரித்திருந்தால் ஒவ்வொரு குண்டும் அச்சிலேயே சிக்கும். வெட்டுத்தகடு தன் திருகில் தாராளமாகச் சுழன்றாலும் அச்சின் மேல் தட்டையாக அமர வேண்டும். முடிந்தால் விற்பவரிடம் அதில் வார்த்த குண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, இணைப்புக் கோட்டின் மேலும் அதற்குக் குறுக்காகவும் இருமுறை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 0.002 அங்குலத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால், என்ன விலைக்குக் கொடுத்தாலும் அந்த அச்சு வேண்டாம்.